பந்தய மைதானத்தில் ரோஜாக்கள்

அவையோருக்கு வணக்கம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் பூத்தொழிலைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கடை, வியாபாரம் எல்லாம் அப்புறம் வருகிறேன். முதலில் 1865 மே 1. ஊர், தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன்.

பண்ணை முதலாளிகள் குதிரைப் பந்தயம் நடத்திய மைதானம் ஒன்று அங்கே இருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் கடைசி வருடத்தில், அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலப் படை அதைத் திறந்தவெளிச் சிறையாக்கியது. நோயிலும் வெயில் மழையிலும் குறைந்தது 257 வடபடைக் கைதிகள் இறந்தார்கள். பார்வையாளர் மேடைக்குப் பின்னால் குழி தோண்டி, அவசர அவசரமாகப் போட்டு மூடினார்கள். பிப்ரவரியில் தென்படை ஊரைவிட்டு ஓடியது. ஊரில் மிஞ்சியவர்களில் பெரும்பாலோர் நேற்றுவரை அடிமைகளாக இருந்தவர்கள். அவர்களில் 28 தொழிலாளர்கள் அந்த உடல்களைத் தோண்டியெடுத்து முறையாக அடக்கம் செய்தார்கள். சுற்றிலும் வேலி போட்டு வெள்ளையடித்து, வாசல் வளைவில் 'பந்தய மைதானத்தின் தியாகிகள்' என்று எழுதிவைத்தார்கள்.

மே 1 காலை ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் 3,000 கறுப்பினப் பள்ளிப் பிள்ளைகள், கை கொள்ளாத ரோஜாக்களோடு. அடிமைப் பிள்ளைக்கு எழுத்து சொல்லிக்கொடுப்பதே அந்த மாநிலத்தில் குற்றமாக இருந்தது என்பதை இங்கே சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பூக்கூடையும் மலர்வளையமும் ஏந்திய பெண்கள் நூற்றுக்கணக்கில். மொத்தம் சுமார் 10,000 பேர். எல்லோரும் பூ வைத்து முடித்தபோது ஒரு பொட்டு மண்கூடக் கண்ணில் படவில்லை என்று நிருபர் ஒருவர் எழுதினார். அப்புறம் பிரசங்கம், படை அணிவகுப்பு, புல்வெளியில் சாப்பாடு. எழவு வீடா, திருவிழாவா? இரண்டும்தான் என்பேன்.

இதை மறந்தார்கள் என்று சொல்வது நாகரிகமான பேச்சு. மறக்கடித்தார்கள். அந்த மைதானம் இருந்த இடம் இன்று ஒரு பூங்கா. பெயர் ஹாம்ப்டன், ஒரு தென்படைத் தளபதியின் பெயர். போரில் இறந்தவர்களின் கல்லறைகளில் பூ வைக்கிற அமெரிக்கப் போர்வீரர் நினைவு நாளின் பிறப்பிடம் என்று 1966இல் அரசு அறிவித்தது நியூயார்க் மாநிலத்து வாட்டர்லூ என்ற சிற்றூரை. டேவிட் பிளைட் என்ற வரலாற்றாசிரியர் 1990களில் ஹார்வர்ட் நூலகத்துப் பழைய காகிதங்களைப் புரட்டப்போய்த்தான் சார்ல்ஸ்டன் ரோஜாக்கள் மறுபடி வெளியே வந்தன.

சரி, வியாபாரத்துக்கு வருவோம். அதே சார்ல்ஸ்டனில், இருபதாம் நூற்றாண்டில், பிராட் தெருவும் மீட்டிங் தெருவும் சந்திக்கிற பக்கம் கறுப்பினப் பெண்கள் நடைபாதையில் பூ விற்றார்கள். கூடையும் அவர்கள் மரபுதான்: கடற்கரைப் புல்லைச் சுருள் சுருளாகச் சுற்றிப் பனை ஓலைக் கீற்றால் தைப்பது. அடிமைக் கப்பல்களில் வந்த மேற்கு ஆப்பிரிக்கக் கைவேலை அது. முதலில் நெல் புடைக்கத்தான் பயன்பட்டது. சுற்றுலா அஞ்சலட்டைகளில் இந்தப் பெண்களின் படம் போட்டு விற்றார்கள். 'பூக்காரிகள்' என்று தலைப்பு இருக்கும், ஆள் பெயர் இருக்காது. எனக்கு இது கோபத்தைத்தான் தருகிறது.

கடை வைத்தவர்களின் கதை வேறு. நிறப் பாகுபாட்டுக் காலத்தில் கறுப்பினத்தவருக்குத் தேவாலயம் தனி, கல்யாணம் தனி, இழவுச் சடங்கு நடத்தும் நிறுவனமும் தனி. அந்த ஒதுக்கலே பூக்கடைக்கு நிலையான வாடிக்கையைக் கொடுத்தது, விசித்திரம்தான். வாஷிங்டன் யூ தெருவில் 1945இல் லீ தம்பதியர் தொடங்கிய கடை அப்படி வளர்ந்தது. 1968இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டபோது அந்தத் தெரு எரிந்தது. பிறகு மெட்ரோ ரயிலுக்காகத் தெருவையே வருடக்கணக்கில் தோண்டிப் போட்டார்கள். அக்கம்பக்கத்துக் கடைகள் பல மூடின. லீ குடும்பத்தின் மூன்றாம் தலைமுறையும் அங்கே பூ கட்டியது. வாஷிங்டன் போகிறவர்கள் வெள்ளை மாளிகை முன்னால் படம் எடுத்துக்கொண்ட கையோடு, யூ தெருவிலும் இறங்கிவிட்டு வாருங்கள்.