சோழிங்கநல்லூர் சிக்னலும் தஞ்சாவூர் மேசையும்

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும், பின்வரிசையில் போனை மடியில் மறைத்துக்கொண்டு பார்க்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

ஐடி வேலை இனி வீட்டிலிருந்தா, ஆபீஸிலிருந்தா என்று பேசச் சொன்னார்கள். ஒரு பழைய கதையிலிருந்து தொடங்குகிறேன். 1985-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூரில் கடை விரித்தது. அங்கே செய்த வேலை செயற்கைக்கோள் இணைப்பு வழியாக அமெரிக்கா போனது. அப்போதிருந்தே நம்முடையது தொலைவிலிருந்து செய்யும் தொழில்தான். நியூஜெர்சியில் இருக்கும் வாடிக்கையாளருக்கு நாம் சென்னைப் பெருங்குடியில் இருந்தால் என்ன, பேராவூரணியில் இருந்தால் என்ன? நம்மைக் கண்ணால் பார்த்தே ஆகவேண்டும் என்று தவிப்பவர் பெருங்குடியில் உட்கார்ந்திருக்கும் மேனேஜர்தான்.

2020 மார்ச்சில் அவருக்கும் வேறு வழியில்லாமல் போனது. ஊரடங்குக்கு முந்தைய வாரம் எங்கள் ஆபீஸில் டெஸ்க்டாப்புகளை வேனில் ஏற்றி வீடு வீடாக இறக்கினார்கள். நான் ஊருக்கு வந்து சேர்ந்தேன். ஆபீஸ் போன் காலில் பேசிக்கொண்டிருப்பேன், அம்மா எட்டிப் பார்ப்பார்: "வீட்டுலதானே இருக்கே, ரேஷன் கடைக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துடேன்." எனக்காவது ரேஷன் கடையோடு முடிந்தது. என் டீமில் இருந்த ஒரு பெண் மைக்கை அணைத்துவிட்டுக் குக்கர் விசில் எண்ணுவார், பிறகு வந்து ரிலீஸ் தேதி சொல்வார். வீட்டிலிருந்து வேலை என்று நாம் புகழ்ந்தபோது அவருக்கு இரண்டு ஷிஃப்ட் ஒன்றாக ஓடியது.

அந்த நேரத்தில்தான் டிசிஎஸ், 2025-க்குள் ஊழியர்களில் 25 சதவீதம் பேர் ஆபீஸில் இருந்தால் போதும் என்றது. 2023 அக்டோபரில் அதே நிறுவனம் வாரம் ஐந்து நாளும் வரச் சொன்னது. 2025 ஜனவரி முதல் அமேசானும் அப்படியே. சரி, வீட்டில் இருந்தவர்கள் வேலையே செய்யவில்லையா? சீனாவின் டிரிப்.காம் நிறுவனத்தில் 1,612 பேரை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பாதிக்கு வாரம் இரண்டு நாள் வீடு, மறுபாதிக்கு முழுக்க ஆபீஸ். இரண்டு நாள் வீட்டில் இருந்தவர்களிடையே வேலையை விட்டுப் போவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பதவி உயர்வில் வித்தியாசம் இல்லை. தொடங்கும்போது உற்பத்தி குறையும் என்று நினைத்த மேனேஜர்கள், முடிந்தபோது கொஞ்சம் கூடியிருக்கிறது என்றார்கள். இந்த ஆய்வு 2024-இல் நேச்சர் அறிவியல் இதழில் வந்தது.

ஆனால் அது ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களின் கணக்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 2021-இல் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி ஒரே பிழையில் இரண்டு நாள் மாட்டிக்கொண்டு யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் கால் போட வேண்டும், தொந்தரவாகிவிடுமோ என்று பயம். பக்கத்து மேசையில் இருந்திருந்தால் அவன் விட்ட பெருமூச்சே எனக்குக் கேட்டிருக்கும். நான் தொழில் கற்றது டிரெயினிங் வகுப்பில் இல்லை. சர்வர் விழுந்த ஒரு ராத்திரியில் சீனியர் திட்டிக்கொண்டே எந்த லாகை, அதாவது சர்வரின் பதிவேட்டை, முதலில் திறக்கிறார் என்று பக்கத்தில் நின்று பார்த்ததில்தான்.

அந்த மேசை சென்னையின் ஐடி சாலையான ஓஎம்ஆரில்தான் இருக்க வேண்டுமா? அதைத்தான் நான் கேட்கிறேன். சோழிங்கநல்லூர் சிக்னலில் நிற்கும் நேரத்துக்கு யாரும் சம்பளம் தருவதில்லை. மென்பொருள் நிறுவனமான ஜோஹோ 2011-லேயே தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஆபீஸ் போட்டது. விழுப்புரம், தஞ்சாவூர், சேலம் மூன்றிலும் 2024-இல் மினி டைடல் பூங்காக்கள், அதாவது அரசின் சிறிய ஐடி வளாகங்கள், திறந்தாகிவிட்டன. வேலை வீட்டுக்கு வருவதைவிட ஊருக்கு வருவதே நடக்கும், நடக்கவும் வேண்டும் என்பது என் கட்சி. ஒரே ஒரு எச்சரிக்கை. கட்டடம் எழுப்பலாம், ஏசி போடலாம். அங்கே 15 வருட அனுபவக்காரர் நாலு பேர் வந்து உட்காரவில்லை என்றால் அது குளிரூட்டிய டியூஷன் சென்டர்தான். சென்னையில் பிள்ளைக்கு ஸ்கூல் சீட் வாங்கி, வீட்டுக் கடனும் போட்டவர் அவ்வளவு சுலபமாகக் கிளம்பி வரமாட்டார். அவரை எது வரவழைக்கும் என்று நிறுவனங்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தஞ்சாவூரிலிருந்து செய்ய முடிகிற வேலையை மணிலாவிலிருந்தும் செய்யலாம். வெறும் டிக்கெட் மூடுகிற, அதாவது வந்த புகாரை முடித்துவைக்கிற, வேலையாக இருந்தால் செயற்கை நுண்ணறிவே மூடிவிடும். வாடிக்கையாளரின் தொழில் புரிந்து, "நீங்கள் கேட்டது இது, உங்களுக்கு வேண்டியது அது" என்று எழுதித் தெரிவிக்கத் தெரிந்தவருக்குத்தான் ஊரில் இருந்தாலும் மேசை நிலைக்கும். புரோகிராம் நன்றாக எழுதி மெயில் எழுதத் தெரியாதவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

முன்வரிசையில் ஓர் அம்மா, "என் பொண்ணு சென்னைக்குப் போய்த்தான் ஆகணுமா?" என்று வரும்போதே கேட்டார். முதல் இரண்டு வருடம் அனுப்புங்கள் அம்மா. அப்புறம் அவளே நல்ல ஆளாக நாலு பேரை இங்கே கூட்டிக்கொண்டு வரட்டும்.

கேள்விகள் இருந்தால் இப்போதே கேட்டுவிடுங்கள். எட்டரைக்கு எனக்கு அமெரிக்கா கால் இருக்கிறது. மேடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் வைஃபை கிடைக்கிறதாம்.