ஏழு மணி யூனிட் என்ன விலை?

(நாகர்கோவிலில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது. அவசரத்தில் விட்டுப்போன ஓரிரு கணக்குகளை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கிறதா? சரி.

இப்போது மணி ஏழு பத்து. தலைக்கு மேலே நாலு ஃபேன் ஓடுகிறது, ஆறு டியூப்லைட் எரிகிறது. இந்த நிமிஷத்தில் தமிழ்நாட்டில் இருக்கிற அத்தனை சோலார் பேனலும் சேர்ந்து கொடுக்கும் மின்சாரம் பூஜ்யம். சோலாரைக் குறை சொல்ல இதை எடுக்கவில்லை, நான் அந்தக் கட்சிதான். ஆனால் அணு மின்சாரமா, காற்றும் வெயிலுமா என்ற சண்டை முழுக்க இந்த ஏழு பத்தில்தான் கிடக்கிறது.

மற்றவர்களுக்கு இல்லாத வசதி நமக்கு உண்டு. இங்கிருந்து திருநெல்வேலி ரோட்டில் போனால் ஆரல்வாய்மொழி கணவாய், முப்பந்தல் காற்றாலைக் காத்தாடிகள். கிழக்கே கடற்கரையோரமாகப் போனால் கூடங்குளம். இரண்டையும் ஒரே பகலில் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து காபி குடிக்கலாம்.

முதலில் காசு. கூடங்குளத்துக்கு ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் ஒப்பந்தம் போட்டது 1988. கட்டத் தொடங்கியது 2002. முதல் உலை கிரிட்டில், அதாவது மின் வலையமைப்பில், சேர்ந்தது 2013 அக்டோபர். இரண்டு உலைக்கும் ஆரம்பத்தில் போட்ட மதிப்பீடு 13,171 கோடி, அது பிறகு 22,462 கோடியாக ஏறியது. இடிந்தகரைப் போராட்டத்தால் வந்த தாமதம் என்பார்கள். கொஞ்சம் உண்மைதான். ஆனால் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இடிந்தகரை எதுவும் இல்லையே, அங்கே வோக்டிலில் கட்டிய இரண்டு உலைகள் 1,400 கோடி டாலரில் தொடங்கி 3,000 கோடி டாலரைத் தாண்டி, ஏழு வருஷம் பிந்தித்தானே வந்தன? பெரிய உலை என்றால் அப்படித்தான்: கட்டி முடிக்கிற வரை வட்டி ஓடிக்கொண்டே இருக்கும், ஒரு யூனிட்கூட வெளியே வராது.

வெயில் பக்கம் கதை தலைகீழ். கமுதியில் 648 மெகாவாட் சோலாருக்கு 2015-ல் பேசிய விலை யூனிட் 7 ரூபாய் 1 காசு. 2017 மே மாதம் ராஜஸ்தான் பட்லாவில் ஏலம் போனது 2 ரூபாய் 44 காசுக்கு. அப்போது நண்பர் ஒருவர், "இனி கூடங்குளத்தை இழுத்து மூடிடலாம்" என்று என்னிடம் சொன்னார். மூடலாம், ராத்திரியே வராது என்றால். பந்தி ஏழு மணிக்கு, சாம்பார் மத்தியானம் பன்னிரண்டுக்கே வந்து இறங்கினால் அதன் விலையை மட்டும் வைத்துச் சமையல்காரரைப் பாராட்ட முடியுமா?

காற்று வேறு மாதிரி. மே முதல் செப்டம்பர் வரை கொட்டும், அப்புறம் படுத்துவிடும். நான் பத்து வருஷம் காத்தாடி சைட்டில் வேலை பார்த்தவன். சீசனில் ராத்திரி இரண்டு மணிக்கு, கதவைத் திறந்தால் ஆளைத் தள்ளுகிற காற்று அடிக்கும்போது போன் வரும்: "லோடு இல்லை, நிறுத்து." அந்த நேரத்தில் மின்சாரத்துக்குத் தேவை இல்லை என்று அர்த்தம். இறக்கையை மடக்கிப் பிரேக் போடுவோம். காசு கொட்டுகிற நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எவ்வளவு எரிச்சல் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

சரி, அணு நம்பகமானதா? ஓடும்போது, ஆமாம். ஒரு 1000 மெகாவாட் உலை முழுசாக ஒரு நாள் ஓடினால் 2.4 கோடி யூனிட், மழையோ இருட்டோ அதற்குக் கவலை இல்லை. ஆனால் அது டிரிப் ஆனால், அதாவது திடீரென்று நின்றுபோனால், 1000 மெகாவாட்டும் ஒரே நொடியில் போகும். உடனே திரும்பக் கிளப்பவும் வராது: உள்ளே செனான் என்ற வாயு சேர்ந்து, அணுப்பிளவை நடத்துகிற நியூட்ரான் துகள்களைத் தின்றுவிடும், அது வடிய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகலாம். காற்று அப்படி ஒரேயடியாகச் சாகாது, இறங்குவதை முன்கூட்டியே ஓரளவு கணிக்கலாம். கழிவைப் பற்றி இன்றைக்கு எடுக்கவில்லை, எடுத்தால் விடிந்துவிடும்.

நான் சொல்ல வந்தது கோவை மாவட்டத்துக் காடம்பாறையைப் பற்றி. மலைக்குள் குடைந்து வைத்த மின் நிலையம், நூறு நூறாக நாலு இயந்திரம், எண்பதுகளின் கடைசியில் வந்தது. மின்சாரம் மிஞ்சும்போது கீழே மேல் ஆழியாறிலிருந்து தண்ணீரை மேலே தூக்கும், தேவைப்படும்போது அதே தண்ணீரை இறக்கி மின்சாரம் எடுக்கும். நாலு யூனிட் செலவழித்தால் தோராயமாக மூன்று திரும்பக் கிடைக்கும். அந்த நஷ்டத்தையும் சேர்த்துத்தான் ஏழு மணி யூனிட்டுக்கு விலை போட வேண்டும், 2 ரூபாய் 44 காசு என்று நிறுத்தக் கூடாது. போட்டுப் பார்த்தாலும் இருபது வருஷம் காத்திருக்கும் உலையைவிட இதுவே மேல் என்பது என் கட்சி. ஓடுகிற இரண்டு உலையும் ஓடட்டும். 2017-ல் தொடங்கிய மூன்றும் நான்கும் பாதியில் நிற்க வேண்டாம். அதற்கு மேல் போடுகிற பணம் காடம்பாறை மாதிரி இடங்களுக்கும் பேட்டரிக்கும் போகட்டும்.

கேள்வி நேரத்தில் ஓர் அம்மா எழுந்து, "அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, எங்க மாடியில சோலார் போடலாமா?" என்று கேட்டார். போடுங்கம்மா என்றேன். மோட்டார் எப்போது போடுவீர்கள் என்று கேட்டேன். "ராத்திரி படுக்கப் போறப்போ" என்றார். அதை மட்டும் மத்தியானத்துக்கு மாற்றுங்கள், உங்கள் மாடித் தொட்டிதான் உங்கள் காடம்பாறை என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மத்தியானம் சீரியல் பார்ப்பேனே, டேங்க் வழியுமே" என்றார்.