மெட்ஃபார்மின்: சாப்பிடும் முறையும், நிறுத்தி வைக்க வேண்டிய நாட்களும்

(திரையில்: இரண்டு மாத்திரை அட்டைகள். ஒன்றில் 'மெட்ஃபார்மின் 500', மற்றதில் 'மெட்ஃபார்மின் 500 எஸ்.ஆர்.')

வணக்கம். இந்த இரண்டு அட்டைகளிலும் இருப்பது சர்க்கரை நோய்க்கான ஒரே மருந்து, ஒரே அளவு. ஆனாலும் ஒன்றுக்குப் பதில் மற்றதை நீங்களாக மாற்றிச் சாப்பிடக் கூடாது. எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., இ.ஆர். என்று போட்டிருந்தால் அது மெல்லக் கரையும் மாத்திரை. பல மணி நேரத்தில் சிறிது சிறிதாக இறங்க வேண்டிய மருந்து, பொடித்தாலோ மென்றாலோ ஒரேயடியாக இறங்கிவிடும். முழுதாக விழுங்க முடியாவிட்டால் சாதாரண மாத்திரைக்கோ திரவ மருந்துக்கோ மாற்றித் தர முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மெல்லக் கரையும் மாத்திரை சாப்பிடும் சிலர் மலத்தில் மாத்திரை அப்படியே வந்துவிட்டதே என்று பயந்துபோவார்கள். மருந்து உடம்பில் சேர்ந்தபின் மிஞ்சும் வெறும் கூடுதான் அது.

(திரையில்: கல்லீரல், இரத்தக் குழாய்)

கல்லீரல் சர்க்கரையைத் தயாரித்து இரத்தத்தில் விடுகிறது, சாப்பிடாத இரவு நேரத்திலும்கூட. அதைத்தான் மெட்ஃபார்மின் மட்டுப்படுத்துகிறது. கணையத்தை விரட்டி இன்சுலினைச் சுரக்க வைப்பதில்லை. அதனால் இதை மட்டும் சாப்பிடுபவர்களுக்கு லோ சுகர் வருவது அரிது. கூடவே கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரைகளோ இன்சுலின் ஊசியோ இருந்தால் வரலாம். பல மாத்திரைகளில் இரண்டு மருந்துகள் கலந்தே இருக்கும். அட்டையின் பின்பக்கச் சிறு எழுத்தைப் படியுங்கள். இரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை.

வழக்கமாக 500 மில்லிகிராமில் தொடங்கி, வாரத்துக்கு ஒரு படியாக ஏற்றுவார்கள். பலருக்கு ஒரு நாளைக்கு 2000 வரை போகும். இந்த நிதானம் வயிற்றுக்காகத்தான். எடுத்த எடுப்பிலேயே அதிக அளவு என்றால் குமட்டல், வயிற்றுப்போக்கு, வாயில் உலோகச் சுவை. சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் தொல்லை குறையும், பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும். மாதக்கணக்கில் ஒத்துக்கொண்டிருந்த வயிறு திடீரெனக் கெட்டால் மட்டும் 'மாத்திரைதானே' என்று விட்டுவிடாதீர்கள். காரணம் வேறாக இருக்கலாம். ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போட வேண்டாம்.

(திரையில்: சிறுநீரகம், அதன்மேல் சிவப்பு நிறத்தில் 'நிறுத்து')

இனி சொல்வதுதான் முக்கியம். மெட்ஃபார்மினைக் கல்லீரல் சிதைப்பதில்லை. மருந்து அப்படியே சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். வாந்தி, வயிற்றுப்போக்கு, சாப்பிடவோ குடிக்கவோ விடாத காய்ச்சல் வந்தால் உடலில் நீர் வற்றி, சிறுநீரகம் சுணங்கும். வெளியே போக வேண்டிய மருந்து தேங்கும். கூடவே லாக்டிக் அமிலமும் சேரும். இந்த அமிலத் தேக்கம் அபூர்வம், ஆனால் உயிரைப் பறிக்கக் கூடியது. ஃபென்ஃபார்மின் என்ற இதே குடும்பத்து மருந்து 1970-களில் பல நாடுகளில் விலக்கப்பட்டது இதனால்தான். அந்தப் பயத்தின் நிழல் இதன்மேலும் விழுந்தது. பிரான்சில் 1957-லேயே புழக்கத்துக்கு வந்த மெட்ஃபார்மினுக்கு அமெரிக்கா அனுமதி தந்தது 1994-ல்.

ஆக, அப்படிப்பட்ட நாட்களில் மாத்திரையை நிறுத்தி வையுங்கள். வழக்கம்போல் சாப்பிட்டு, குடித்து 24 முதல் 48 மணி நேரம் ஆனபின் மறுபடி தொடங்கலாம். இதை நல்ல நாளிலேயே டாக்டரிடம் பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்சுலினுக்கு இந்த விதி பொருந்தாது, அதை நீங்களாக நிறுத்தக் கூடாது. அறுவை சிகிச்சைக்கு வயிற்றைக் காலியாக வைக்கச் சொன்னாலும், அயோடின் சாயம் ஏற்றி சி.டி. ஸ்கேனோ ஆஞ்சியோகிராமோ எடுப்பதானாலும் மெட்ஃபார்மின் சாப்பிடுவதை முன்கூட்டியே சொல்லுங்கள். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் சாயம் ஏற்றி 48 மணி நேரம் கழித்து, இரத்தப் பரிசோதனை பார்த்த பிறகே மாத்திரை. அளவு மீறிய மதுவும் அமிலத்தை ஏற்றும்.

காரணம் தெரியாத கடும் அசதி, தசை வலி, வயிற்று வலி, வேகமாக மூச்சு வாங்குவது, மயக்கம் போன்ற தூக்கம் என்றால் அது அந்த அமிலத் தேக்கமாக இருக்கலாம். உடனே அவசர சிகிச்சைப் பிரிவு. அந்த நேரத்தில் குளுக்கோமீட்டர் சாதாரண எண்ணைக் காட்டலாம், ஏமாந்துவிடாதீர்கள்.

வருடத்துக்கு ஒரு முறையாவது இ.ஜி.எஃப்.ஆர். பாருங்கள், சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்று காட்டும் எண் அது. தசையிலிருந்து இரத்தத்தில் சேரும் கழிவான கிரியாட்டினின் எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. தசை வற்றிய முதியவருக்குச் சிறுநீரகம் தளர்ந்திருந்தாலும் அது சரியாகவே தெரியும். இ.ஜி.எஃப்.ஆர். 45-க்குக் கீழே போனால் அளவை வழக்கமாகப் பாதியாக்குவார்கள். 30-க்குக் கீழே என்றால் இந்த மருந்தே கூடாது.

(திரையில்: பாதம்)

வருடக்கணக்கில் சாப்பிடும்போது வைட்டமின் பி12 குறையலாம். அதனால் வரும் கால் மரத்துப்போதலை 'சுகர் நரம்பைத் தாக்கிவிட்டது' என்று நினைத்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், பி12 இரத்தப் பரிசோதனைதான் பிரித்துக் காட்டும். குறைவென்று தெரிந்தால் பொதுவாக மெட்ஃபார்மினை விட வேண்டியதில்லை. கூடவே பி12 மாத்திரையோ ஊசியோ எழுதித் தருவார்கள்.