அரங்கு நிறைந்தும் நஷ்டம்

நேயர்களுக்கு வணக்கம்.

நாடகம் தோற்றது என்றால் நம் கண்முன் என்ன வரும்? காலி நாற்காலிகள். முன்வரிசையில் நாலு பேர், அதில் இரண்டு பேர் நடிகரின் சொந்தக்காரர்கள். நான் பேச வந்திருக்கும் நாடகம் மூன்று வருஷம் ஓடியது, ஆயிரம் காட்சிகளைத் தாண்டியது. ஒரே வாரத்தில் 29 லட்சம் டாலர் வசூலித்து, நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் கூடியிருக்கும் பிராட்வே அதுவரை காணாத சாதனையும் படைத்தது. அப்படியும் முதல் போட்டவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

நியூயார்க்கில் மேடையேறிய 'ஸ்பைடர்-மேன்: டர்ன் ஆஃப் த டார்க்' என்ற இசை நாடகம்தான் அது. யூ2 இசைக்குழுவின் போனோவும் எட்ஜும் இசை. 'லயன் கிங்'கை மேடையில் ஜெயிக்க வைத்த ஜூலி டேமர் இயக்கம். இவர்களை நம்பிப் பணம் போடமாட்டேன் என்று யார் சொல்வார்கள்? நானாக இருந்தாலும் போட்டிருப்பேன்.

ஆரம்பமே சரியில்லை. 2005இல் எட்ஜ் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் வேளையில் தயாரிப்பாளர் டோனி ஆடம்ஸ் பக்கவாதத்தில் சரிந்தார்; இரண்டே நாளில் இறந்துபோனார். 2009இல் பணம் தீர்ந்து வேலை நின்றது. புதுத் தயாரிப்பாளர்கள் வந்து மறுபடி தூக்கி நிறுத்தினார்கள். கடைசியில் செலவு சுமார் 7.5 கோடி டாலர். பிராட்வேயில் அதுவரை எந்த நாடகத்துக்கும் அவ்வளவு ஆனதில்லை.

2010 நவம்பர் 28, முதல் முன்னோட்டக் காட்சி; அதாவது, முறையான திறப்புவிழாவுக்கு முன்பே டிக்கெட் விற்று நடத்தும் காட்சி. நாயகன் கம்பிவடத்தில் ஜனங்களின் தலைக்கு மேல் பறக்க வேண்டும். பறந்தார். ஆனால் முதல் பாதி முடிகிற நேரத்தில் இயந்திரம் மக்கர் செய்ய, அந்தரத்திலேயே தொங்கிக்கொண்டு நின்றார். கீழே மேடைப் பணியாளர்கள் எட்டி எட்டி அவர் காலைப் பிடிக்கப் பார்க்கிறார்கள், சபை முழுக்க அண்ணாந்து பார்க்கிறது. அன்று ஒரே காட்சியில் பலமுறை நிறுத்த வேண்டியதாயிற்று.

அடுத்த மாதம் நடந்தது சிரிக்கிற விஷயமில்லை. கிறிஸ்டோபர் டியர்னி என்ற சாகசக் கலைஞரின் கச்சையில் கட்ட வேண்டிய கயிறு கட்டப்படவில்லை. இருபது அடிக்கு மேல் உயரத்திலிருந்து விழுந்து, மண்டையோடும் முதுகெலும்பும் முறிந்தன. ஆச்சரியம், சில மாதங்களில் அவர் அதே நாடகத்துக்குத் திரும்பி வந்தார்!

விபத்துச் செய்திகளுக்கு நடுவிலும் டிக்கெட் விற்றது. இன்றைக்கு யார் விழுவார் என்று பார்க்க வந்தவர்களும் இருந்திருப்பார்கள். மனித மனசு அப்படி. முறையான திறப்புவிழாத் தேதி தள்ளிக்கொண்டே போக, வழக்கமாகத் திறப்புவிழாவுக்குக் காத்திருக்கும் விமர்சகர்கள் பொறுமை இழந்து 2011 பிப்ரவரியிலேயே எழுதித் தீர்த்துவிட்டார்கள். மார்ச்சில் டேமர் விலக்கப்பட்டார். மூன்று வாரம் அரங்கை மூடிக் கதையைத் திருத்தினார்கள். 182 முன்னோட்டக் காட்சிகளுக்கு அப்புறம், ஜூன் 14 அன்றுதான் முறைப்படி திறந்தது. டேமர் வழக்குப் போட்டு, 2013இல் சமரசமானது.

சரி, கூட்டம் வந்ததே, பிறகு ஏன் நஷ்டம்? யானையைக் கட்டித் தீனி போட்ட கதைதான். சம்பளம், அரங்க வாடகை, விளம்பரம், பறக்கும் இயந்திரங்களின் பராமரிப்பு எல்லாம் சேர்த்து, திரை தூக்க மட்டும் வாரத்துக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல். வசூல் அதைத் தாண்டினால்தான் போட்ட பணத்தை அடைக்க மிச்சம் விழும். சுமார் 1,900 இருக்கைகள் நிரம்பும் விடுமுறை வாரங்களில் மிச்சம் விழுந்தது. சாதா வாரங்களில் வந்தது தீனிக்கே சரியாகப் போயிற்று. கடைசிக் காலத்தில் அதற்கும் போதவில்லை. 7.5 கோடியை அடைப்பது எப்போது?

2014 ஜனவரி 4 அன்று கடைசிக் காட்சி. நஷ்டம் 6 கோடி டாலர் வரை இருக்கும் என்று பத்திரிகைகள் எழுதின. அடுத்து லாஸ் வேகாஸுக்குக் கொண்டுபோகிறோம் என்று தயாரிப்பாளர்கள் அறிவித்தார்கள். அங்கே அந்தக் கம்பிவடத்தை யாரும் மாட்டவே இல்லை.

வணக்கம்.