கடைசியில் அம்மா ‘வீடு’ பார்த்துவிட்டார்

வணக்கம் உறவுகளே. பாசிக்குடா வீடியோ இன்றைக்கு வரும் என்று சொல்லியிருந்தேன். அது அடுத்த கிழமை வரட்டும். நேற்று இரவு எங்கள் வளவில் நடந்ததைச் சொல்லி முடிக்காமல் என்னால் வேறு எதையும் எடிட் பண்ண முடியாது. அம்மா பாலு மகேந்திராவின் ‘வீடு’ படத்தைக் கடைசிக் காட்சி வரை இருந்து பார்த்துவிட்டார்!

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று பழைய ஆட்களுக்குத் தெரியும். மூன்று முறை போட்டுக் காட்டினேன். மூன்று முறையும் அத்திவாரம் வெட்டுகிற இடத்தில் எழுந்து போய்விட்டார். ஒருதரம் அடுப்பில் பால் என்றார், ஒருதரம் தலையிடி என்றார், மற்றத்தரம் ஒன்றுமே சொல்லவில்லை. சின்ன போனில் பார்ப்பதால் பிடிக்கவில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதனால்தான் இந்த முறை பெரிதாகக் காட்ட வேண்டும் என்று அத்தானிடம் கேட்டேன். அவர் டியூசன் வகுப்புக்கு வைத்திருக்கும் புரொஜெக்டரை ஒரு இரவுக்குத் தந்தார்.

புரொஜெக்டர் வந்தது, வயர் இல்லை. இந்த வயர் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். லேப்டொப்பில் இருந்து புரொஜெக்டருக்குப் படத்தைக் கொண்டுபோகிற எச்.டி.எம்.ஐ. வயர், என்னிடம் இருந்தது ஒன்றரை மீற்றர். பிள்ளைகள் குறுக்கே ஓடினால் நிழல் விழும் என்று புரொஜெக்டரை மாமரக் கொப்பில் கட்டியிருந்தோம். லேப்டொப் கீழே மேசையில். ஒன்றரை மீற்றர் எப்படி எட்டும்? ஐந்து மீற்றர் வேண்டும். திருமலை வீதியில் முதலாவது கடையில் கேட்டேன், 4,500 ரூபாய் என்றார்கள். ஒரு வயருக்கு! ஏன் இவ்வளவு என்றால், இதுதான் நல்ல சாமான், மற்றதெல்லாம் ஒரு மாதத்தில் போய்விடும் என்றார்கள். இரண்டாவது கடையில் 3,900. பெட்டியை உடைத்துப் பார்க்க விடமாட்டார்களாம். வேலை செய்கிறதா என்று பார்க்காமல் காசு கொடுப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. வெளியே வந்துவிட்டேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போன் திருத்துகிற சின்னக் கடை ஒன்றில் ஒரு தம்பி இருந்தான். நான் கேட்டதும் மேசைக்கு அடியில் இருந்த பெட்டியைக் கொட்டித் தேடி, தூசி பிடித்த ஒரு வயரை எடுத்துத் துடைத்து, தன்னுடைய டிவியில் மாட்டி, படம் வருகிறதா என்று எனக்குக் காட்டிவிட்டுத்தான் விலை சொன்னான். 2,200 ரூபாய். ஐந்து மீற்றர்! வீட்டுக்கு வருகிற பஸ்ஸில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு எனக்கு இருந்த சந்தோசம் போன வருசம் கமெரா வாங்கின அன்றுகூட இல்லை.

மறுகா என்ன, மாட்டினால் படம் வருகிறது, சத்தம் இல்லை. புளூடூத் ஸ்பீக்கரைப் போட்டால் வாய் முன்னுக்குப் போகிறது, சத்தம் பின்னுக்கு வருகிறது. இந்தப் படத்தை அப்படிப் பார்க்கவே கூடாது. பக்கத்து வீட்டுத் தம்பி ஸ்பீக்கருக்கு ஒரு ஜக் வயர் கொண்டுவந்து தந்தான். அவனுக்கு நன்றி.

சரி, படத்துக்கு வருகிறேன். புதிதாக வந்தவர்களுக்காக. ‘வீடு’ 1988இல் வந்தது. திரைக்கதை எழுதி, இயக்கி, ஒளிப்பதிவு செய்து, வெட்டித் தொகுத்ததெல்லாம் பாலு மகேந்திரா. அவர் நம்முடைய ஆள். 1939இல் மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர், மாமாங்கேஸ்வரர் கோயில் இருக்கிற அதே அமிர்தகழி. பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தபோது, கித்துல்கலவில் டேவிட் லீன் ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்’ எடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தவர். இயக்குநர் மழை என்று கத்தியதும் மழை பெய்ததாம். அன்றைக்கே இதுதான் என் வேலை என்று முடிவெடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். பிறகு பூனா திரைப்படக் கல்லூரி, அங்கே ஒளிப்பதிவுக்குத் தங்கப் பதக்கம். 2014 பெப்ரவரியில் இறந்துபோனார். ‘மூன்றாம் பிறை’யை எல்லோருக்கும் தெரியும். அந்தக் கேத்தி ரயில் நிலையக் காட்சியை நினைத்தால் எனக்கும் தொண்டை அடைக்கும். ஆனால் என்னோடு வீட்டுக்குள் வந்து குடியிருக்கிற படம் ‘வீடு’தான்.

கதை சின்னது. சுதா என்ற பெண், வேலைக்குப் போகிறவள், தாத்தாவோடும் தங்கையோடும் வாடகை வீட்டில் இருக்கிறாள். வீட்டுக்காரர் எழும்பச் சொல்கிறார். சென்னையில் வேறு வீடு கிடைக்கவில்லை. இருக்கிற காணியில் ஒரு பங்கை விற்று, கடன் எடுத்து, மற்றப் பங்கில் வீடு கட்டத் தொடங்குகிறாள். அவ்வளவுதான். அர்ச்சனா நடித்திருக்கிறார், இதற்குத் தேசிய விருது கிடைத்தது. ஒரு இடத்திலும் நடிக்கிற மாதிரி எனக்குத் தெரியவில்லை. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெயிலில் நடக்கிறதைப் பார்த்தால், எங்கள் பெரியம்மா கச்சேரிக்கு, அதுதான் அரசாங்க அலுவலகத்துக்கு, போய்வருகிற மாதிரி இருக்கும்.

இந்தப் படத்தை ‘இழுவை’ என்று சொல்கிறவர்களோடு எனக்குச் சரிவராது. வீடு கட்டினவர்களைக் கேட்டுப் பாருங்கள், எது இழுவை என்று. அதைவிட எனக்குப் பிடிக்காதது, தாத்தா காட்சியை மட்டும் வெட்டி எடுத்து, மேலே வேறொரு சோகப் பாட்டைப் போட்டு டிக்டொக்கில் விடுவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தக் காட்சிக்கு இசை ஏற்கனவே இருக்கிறது!

ஓ, இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இந்தப் படத்தில் பாட்டே இல்லை. பின்னணிக்கு இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பில் இருந்து எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அது 1986இல் தனியாக வந்த இசைத்தொகுப்பு, படத்துக்காகச் செய்ததில்லை. ஆனால் தாத்தாவாக நடித்த சொக்கலிங்க பாகவதர் குடையைப் பிடித்துக்கொண்டு பாதி கட்டின வீட்டைப் பார்க்கத் தனியே வருவார் இல்லையா, அந்த இடத்தில் கேட்டால் அந்த நடைக்கென்றே வாசித்த மாதிரி இருக்கும். பூசாத சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். கூரை இல்லை, கதவு இல்லை, மனிதருக்கு முகமெல்லாம் சிரிப்பு. திரும்பி வருகிற வழியிலேயே இறந்துவிடுவார். நான் பதினெட்டு வயதில் முதல்முதல் பார்த்தபோது இந்த இடத்தில் அழுதேன். இருபத்தைந்தில் பார்த்தபோது சுதாவுக்காக அழுதேன், அப்போது நானும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

நேற்று நான் படத்தைப் பார்க்கவே இல்லை. அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேற்கில் இருந்து அடிக்கிற கச்சான் காற்று வேறு. வெள்ளை பெட்சீற்றின் அடியில் செங்கல் கட்டித் தொங்கவிட்டும் அது உப்பி உப்பி வந்தது, அர்ச்சனாவின் முகம் சில நேரம் வீங்கியது, சில நேரம் ஒடுங்கியது. அத்திவாரம் வெட்டுகிற காட்சி வந்தது. அம்மா கதிரையின் கையைப் பிடித்தார். எழும்பப் போகிறார் என்று நினைத்தேன். எழும்பவில்லை. கொன்ராக்ட் எடுத்தவன் சீமெந்தைக் கடத்துகிற இடம் வந்ததும் சத்தமாகவே கதைக்கத் தொடங்கிவிட்டார். “நான் மூடையை எண்ணி எண்ணித்தான் கொடுத்தன், அப்பிடியும் நாலு மூடை காணாமப் போனது புள்ள!” அங்கே வேலை செய்கிற மங்கம்மா, ‘பசி’ சத்யா நடித்தது, அந்தக் களவை வெளியில் சொல்லும்போது எங்கள் வளவில் இருந்த பெண்கள் எல்லோரும் கைதட்டினார்கள். இருபது பேர் இருந்திருப்போம். தியேட்டரில் கதாநாயகன் வரும்போதுகூட நான் அப்படியொரு கைதட்டலைக் கேட்டதில்லை.

இதற்கு முன்கதை ஒன்று இருக்கிறது, உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. எங்கள் சொந்த இடம் கடற்கரையோரம் இருக்கிற நாவலடி. அப்பா கட்டாரில் இருந்தார். அம்மா தைத்த காசும் அவர் அனுப்பின காசுமாகச் சேர்த்து, ஆறு வருசம் எடுத்து அங்கே ஒரு கல்வீடு கட்டினார். மூன்று அறை, முன்னுக்கு ஒரு விறாந்தை. மேசன் பாஸோடு சண்டை பிடித்தது, மணல் லொறிக்காக ரோட்டில் நின்றது எல்லாம் அம்மாதான். குடிபுகுந்து பதினாலு மாதம். 2004 டிசம்பர் 26, நத்தாருக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை, சுனாமி. நாங்கள் ஊறணியில் மாமி வீட்டில் நின்றதால் தப்பினோம். வீடு இல்லை. அத்திவாரமும் கிணறும் மிச்சம். பிறகு தறப்பாள் கொட்டில், பிறகு இந்தத் திராய்மடுவில் தந்த வீடு. இப்போது நான் இருந்து கதைக்கிற இந்த அறையும் அதுதான்.

அப்படி இருக்க, நான் மூன்று முறை அவரை உட்கார வைத்து அத்திவாரம் வெட்டுகிற படத்தைக் காட்டியிருக்கிறேன். ஏன் எழும்பிப் போகிறார் என்று ஒருதரமாவது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நேற்று அவரே சொன்னார்.

படத்தின் முடிவு தெரியாதவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிடம் தள்ளி ஓடவிடுங்கள். வீடு கிட்டத்தட்ட முடிகிற நேரத்தில் குடிநீர் வாரியத்தில் இருந்து ஆள் வந்து, இந்தக் காணியை நாங்கள் எப்போதோ எடுத்துவிட்டோம் என்பார். இத்தனைக்கும் எல்லா அனுமதியும் வாங்கி, எல்லாக் கையையும் நனைத்துக் கட்டின வீடு. அம்மா அந்த ஆளைத் திட்டினார், காணி உறுதியைச் சரியாகப் பார்க்கவில்லையா என்று சுதாவையும் திட்டினார். படம் முடிந்தது. பிள்ளைகள் பெட்சீற்றை இழுத்து மடிக்கத் தொடங்கினார்கள். அம்மா எழும்பவில்லை.

மறுகா மெல்லச் சொன்னார். கடல் வந்தபோது அந்த வீட்டுக்கு வாங்கின சீமெந்தில் நாற்பது மூடைக் காசு கடையில் கடன் நின்றதாம். வீடே போன பிறகு கடைக்காரர், அதை விடுங்கள் அக்கா, நான் கேட்கமாட்டேன் என்றாராம். அம்மா விடவில்லை. கொட்டிலுக்குள் இருந்து சட்டை தைத்துத் தைத்து, 2007 சித்திரை வருசத்துக்கு முந்தின கிழமை கடைசிக் காசைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். இல்லாத வீட்டின் சீமெந்துக்கு! எனக்கு இது தெரியாது. அதே கொட்டிலில்தான் நானும் இருந்தேன். அந்தத் தையல் மெசின் சத்தத்தில்தான் படித்தேன். எங்களுக்குப் புத்தகம் வாங்கத்தான் தைக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதைக் கேட்டதும் எனக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது, போன வீடியோ ஒன்றில் சொல்லியிருக்கிறேனோ தெரியாது. பாலு மகேந்திராவுக்கு இந்தப் படம் வந்ததே அவருடைய அம்மாவிடம் இருந்துதான். அவர் சின்னப் பையனாக இருந்தபோது அம்மா வீடு கட்டத் தொடங்கினாராம். கட்டக் கட்ட அந்த அம்மாவின் சுபாவமே மாறிப்போனதாம், பழைய சிரிப்பு காணாமல் போனதாம். சென்னை வெயிலில் எடுத்த படத்துக்குள் நம்முடைய ஊர் அம்மா ஒருவர் இருக்கிறார். அதை நான் அம்மாவிடம் சொன்னேன். “அமிர்தகழிப் பக்கமெண்டா அப்ப கல்லும் மணலும் வாவியாலதான் வந்திருக்கும்” என்றார்.

அடுத்தது என்ன போடுவது என்று இப்போதே வளவில் சண்டை. பிள்ளைகள் பேய்ப்படம் கேட்கிறார்கள், முடியாது என்றுவிட்டேன். எனக்கு ‘புரஹந்த களுவர’ போட ஆசை. பிரசன்ன விதானகே 1997இல் எடுத்த சிங்களப் படம். போருக்குப் போன மகனைச் சீல் வைத்த பெட்டியில் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். கண் தெரியாத தகப்பன், ஜோ அபேவிக்கிரம, அவன் செத்ததை நம்பவே மாட்டார். கடைசியில் புதைத்த பெட்டியைத் தோண்டித் திறந்தால் உள்ளே வாழைக்குற்றியும் கல்லும். 2000இல் அரசாங்கம் அதைத் திரையிட விடவில்லை, பிறகு உச்ச நீதிமன்றத் தீர்ப்போடுதான் வெளியே வந்தது. எங்கள் ஒழுங்கையில் இன்னமும் மகனுடைய படத்துக்கு மாலை போடாமல் வைத்திருக்கிற அம்மாமார் இருக்கிறார்கள். முதலில் அவர்களிடம் கதையைச் சொல்லி, விருப்பமா என்று கேட்டுவிட்டுத்தான் போடுவேன். இனி ஒருவரையும் கேட்காமல் உட்கார வைக்கமாட்டேன்.

அந்த வயர் விற்ற தம்பியின் கடை எங்கே என்று கட்டாயம் கேட்பீர்கள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், நீல நிறக் கதவு. இன்னும் இரண்டு வயர் அந்தப் பெட்டிக்குள் கிடந்ததைக் கண்டேன்.

காலையில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே அம்மா கேட்டார், “அந்தப் புள்ள சுதா, வழக்குப் போட்டவளே, மறுகா வீடு கிடைச்சதா?” படத்தில் அது இல்லை அம்மா, அவர்கள் காத்திருக்கிறதோடு முடிகிறது என்றேன். கொஞ்ச நேரம் தேத்தண்ணியை ஆற்றினார். “சீமெந்து ரசீதெல்லாம் கவனமா வைச்சிருப்பாள்” என்றார். பிறகு அலுமாரியைத் திறந்து, ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்துக்கொண்டு வந்தார்.