மூன்றாவது நட்சத்திரம் எவ்வளவு கிட்ட வரலாம்?

நண்பர்களே, மூன்று நட்சத்திரங்களை ஏறக்குறைய ஒரே இடைவெளியில் விட்டால் என்ன ஆகும்? அடிதடிதான். இழுபறி முற்றி, கடைசியில் ஒன்று வெளியே தூக்கி எறியப்படும். நிலைத்து வாழும் மும்மைகளின் ஏற்பாடே வேறு. இரண்டு நெருங்கி ஜோடியாகிவிடும். மூன்றாவது சற்றுத் தள்ளி நின்று, அந்த ஜோடியை ஒரே ஆளாகப் பாவித்துச் சுற்றும். இதுதான் அடுக்கு அமைப்பு.

தள்ளி என்றால் எவ்வளவு? பாதைகள் வட்டமாக, ஒரே தளத்தில் இருந்தால், வெளிச்சுற்றின் (மூன்றாவது சுற்றுவதன்) காலம் உள்சுற்றைப்போல் (ஜோடி ஒன்றையொன்று சுற்றுவதைப்போல்) ஐந்து மடங்குக்கு மேல் இருந்தாலே பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். 1956 முதல் குறுகிய வெளிச்சுற்றுச் சாதனை ரிஷபத்தில் உள்ள லாம்டா டௌரியிடம் இருந்தது: உள்ளே 3.95 நாள், வெளியே 33 நாள். 2024-இல் நாசாவின் டெஸ் (TESS) விண்கலத்தின் தரவில் சிக்கிய டிஐசி 290061484 என்ற மும்மை அதை முறியடித்தது. ஜோடிக்கு 1.8 நாள், மூன்றாவதற்கு 24.5 நாள். ஒவ்வொன்றும் சூரியனைப்போல் ஆறு முதல் எட்டு மடங்கு நிறை. இவ்வளவும் புதன் கோளின் பாதைக்குள் அடங்கிவிடும்!

தொலைநோக்கியில் இது ஒரே புள்ளிதான். அப்புறம் எப்படித் தெரிந்தது? கிரகணத்தால். ஒன்றை ஒன்று மறைக்கும்போது ஒளி மங்குகிறது. ஜோடி மட்டும் என்றால் கடிகாரம்போல் நேரம் தவறாது. மூன்றாவது இழுப்பதால் கிரகணம் சில நேரம் முந்துகிறது, சில நேரம் பிந்துகிறது. அந்தப் பிசகிலேயே மூன்றின் நிறையும் எழுதியிருக்கிறது.

பாதைகள் சாய்ந்திருந்தால் கதை இன்னும் சுவாரசியம். எஸ்எஸ் லாசெர்ட்டே என்ற நட்சத்திர ஜோடி 14.4 நாளுக்கொரு முறை சுற்றுகிறது. 1950 வாக்கில் அதன் கிரகணங்கள் நின்றே போயின. ஜோடி எங்கும் போகவில்லை. 679 நாளில் சுற்றும் மூன்றாவது ஆள் அதன் தளத்தை மெல்லத் திருப்பிவிட்டார்; நாம் பார்க்கும் கோணத்தில் ஒன்றை ஒன்று மறைப்பதில்லை, அவ்வளவுதான்.

சரி, நாம் பார்க்கக் கூடியது லாம்டா டௌரி. கார்த்திகை, மார்கழி இரவுகளில் ரோகிணியைத் தேடுங்கள். அதையொட்டிய 'வி' வடிவக் கூட்டத்தின் கூர்முனையில் ஒரு நட்சத்திரம். அதற்கும் தென்மேற்கே லாம்டா. வழக்கமாக லாம்டாதான் அந்த முனை நட்சத்திரத்தைவிடப் பிரகாசம். கிரகணத்தின்போது அதைவிட மங்கிவிடும். ஒருநாள் அந்தக் கிரகணத்தைப் பிடித்துவிட்டால், நான்கு நாள் கழித்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னதாகவே மாடிக்குப் போய்விடுங்கள்.