சூப்பர்நோவா தேட இருட்டு வேண்டும்
(ஊத்தங்கரை வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, பொன்னாடை போர்த்திய வர்த்தகர் சங்கத் தலைவர் அவர்களே, பள்ளி மண்டபத்தைத் திறந்துவிட்ட தலைமையாசிரியர் அம்மா அவர்களே, களத்து வேலையை விட்டுவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர்களே, வாசகர் வட்டத் தோழர்களே, தரையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஊராட்சித் தலைவர்கள் மட்டும் தயவுசெய்து கடைசிவரை இருக்க வேண்டும். உங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது.

இன்று மூன்று விஷயம் சொல்லப்போகிறேன். சூப்பர்நோவா என்றால் விண்மீன் வெடிப்பு; அந்த விண்மீன் எப்படி வெடிக்கிறது, கோடிக்கணக்கான ஒளியாண்டுக்கு அப்பால் நடக்கும் அந்த வெடிப்பை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், அதை வைத்துப் பிரபஞ்சத்தை எப்படி அளக்கிறார்கள்.

வெடிப்பில் முக்கியமானவை இரண்டு வகை. சூரியனைவிட எட்டு மடங்குக்கு மேல் நிறையுள்ள விண்மீனின் நடுவில் இரும்பு சேர்ந்ததும், அந்த நடுப்பகுதி தன் பாரத்தையே தாங்க முடியாமல் ஒரு நொடிக்குள் சரிகிறது. அப்புறம் வெளிப்பகுதி சிதறுகிறது. இன்னொன்று, வெண்குள்ளன் எனப்படும் எரிந்து முடிந்த விண்மீன், பக்கத்து விண்மீனின் பொருளை இழுத்து இழுத்து, சூரியனைப் போல் 1.4 மடங்கு நிறையை நெருங்கும்போது வெடிப்பது. அந்த எல்லைக்கான கணக்கை நம் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930-இல், 19 வயதில், இங்கிலாந்துக்குப் போகும் கப்பலிலேயே தொடங்கிவிட்டார். பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நம் பால்வெளியில் உலகமே வெறுங்கண்ணால் பார்த்த கடைசி சூப்பர்நோவா 1604-இல் வந்தது. பால்வெளி போன்ற ஒரு விண்மீன் மண்டலத்தில் நூறாண்டுக்கு ஓரிரண்டுதான் வெடிக்கும். ஆகவே நூற்றுக்கணக்கான மண்டலங்களை ஒவ்வொரு இரவும் பார்க்க வேண்டும். எறும்பு ஊரக் கல்லும் தேயும். ஆஸ்திரேலியாவில் ராபர்ட் எவன்ஸ் என்ற தேவாலயப் போதகர் அப்படித்தான் பார்த்தார். எந்த மண்டலம் எப்படி இருக்கும், பக்கத்தில் எந்த விண்மீன் நிற்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். புதிதாக ஒரு புள்ளி இருந்தால் கண் உடனே பிடித்துவிடும். கண்ணாலேயே பார்த்து 42 சூப்பர்நோவாக்களைக் கண்டுபிடித்தார்.

இன்னொருவர் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அர்ஜென்டினாவில் ரொசாரியோ என்று ஒரு பெரிய நகரம். அங்கே விக்டர் புசோ என்பவருக்குப் பூட்டு வேலை. நம் பேருந்து நிலையம் பக்கம் சாவி போட்டுக் கொடுக்கிறார்களே, அதே தொழில். வீட்டு மாடியில் 40 செ.மீ. தொலைநோக்கி வைத்திருந்தார். 2016 செப்டம்பர் 20 இரவு. புதிதாக வாங்கிய கேமராவைச் சோதிக்க வேண்டும், அவ்வளவுதான். என்ஜிசி 613 என்ற மண்டலத்தின் பக்கம் திருப்பினார். நகரத்து வெளிச்சத்தில் நீண்ட நேரம் படம் எடுத்தால் எல்லாம் வெளுத்துவிடும். அதனால் இருபது இருபது நொடியாக எடுத்தார். முதலில் எடுத்தவற்றில் புதிதாக ஒன்றும் இல்லை. முக்கால் மணி நேரம் கழித்து எடுத்ததில், சுருள்கையின் ஓரத்தில் ஒரு புள்ளி! அடுத்த படத்தில் இன்னும் கொஞ்சம் பிரகாசம். அடுத்ததில் இன்னும் கொஞ்சம். மனிதர் விட்டுவிட்டுப் படுக்கப் போகவில்லை, எடுத்துக்கொண்டே இருந்தார். பெரிய பெரிய ஆய்வகங்கள் பல ஆண்டுகளாகத் தவமிருந்த காட்சி அது. விண்மீனுக்குள்ளிருந்து அதிர்வலை வெளியே பாயும் முதல் கணம். செய்தி போனதும் உலகத்தின் பெரிய தொலைநோக்கிகள் அந்தப் பக்கம் திரும்பின. 2018-இல் வந்த ஆய்வுக் கட்டுரையில் அந்தப் பூட்டுக்காரரின் பெயரும் இருக்கிறது! கைதட்டுங்கள், அவருக்காக.

"பாருங்கள், ஊர் வெளிச்சத்திலேயே கண்டுபிடித்துவிட்டாரே" என்று நண்பர்கள் என்னிடம் வாதாடுவது உண்டு. அவரிடம் 40 செ.மீ. ஆடியும் கேமராவும் இருந்தன. நம் பிள்ளைகளிடம் இருப்பது என்ன? 2023 மே 19 அன்று ஜப்பானின் கோயிச்சி இதகாகி, வானத்தில் சப்தரிஷி விண்மீன்கள் தெரியும் பக்கம், எம் 101 என்ற மண்டலத்தில் ஒரு சூப்பர்நோவாவைக் கண்டுபிடித்தார். 2 கோடியே 10 லட்சம் ஒளியாண்டு தொலைவு. பள்ளியில் வைக்கும் சின்னத் தொலைநோக்கியிலேயே தெரியும் அளவுக்கு அது பிரகாசித்தது. ஆனால் வானம் இருட்டாக இருக்க வேண்டும். அந்த இருட்டு இங்கே எத்தனை கூட்டுரோட்டில் மிச்சம்?

வடகிழக்கே ஜவ்வாது மலையைப் பாருங்கள். அங்கே காவலூரில், வானியல் அறிஞர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்த இடத்தில், 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி நிற்கிறது. நம் ஊர் ஹைமாஸ் விளக்குகளின் வெளிச்சத்தில் ஒரு பங்கு மேலே போகிறது. காசு கொடுத்து வானத்துக்கு விளக்கு போடுகிறோம். லடாக்கில் ஹன்லே சுற்றுவட்டாரத்தை 2022-இல் இருள்வான் காப்பகமாக, அதாவது விளக்கு வெளிச்சம் வானத்தைக் கெடுக்காமல் காக்கும் இடமாக, அறிவித்தார்கள். அந்த ஊர்த் தொலைநோக்கியை ஓசூர் தாண்டி, ஹொசகோட்டேயில் உட்கார்ந்துதான் இயக்குகிறார்கள். ஹன்லேக்காரர்களால் முடிந்தது நமக்கு முடியாதா? விளக்கை அணைக்கச் சொல்லவில்லை. மேலே ஒரு மூடி, வெளிச்சம் கீழ்நோக்கி, வெள்ளைக்குப் பதில் மஞ்சள். பாதையும் நன்றாகத் தெரியும். நான்கு ஆண்டாக மனு கொடுத்து வருகிறேன். எறும்பு ஊரக் கல்லும் தேயும்.

மூன்றாவது விஷயத்துக்கு நேரமில்லை. வெண்குள்ளன் வெடிப்புகளை வைத்து, பிரபஞ்சம் வேகம் கூடி விரிகிறது என்று கண்டவர்களுக்கு 2011-இல் நோபல் பரிசு கிடைத்தது என்பதோடு நிறுத்துகிறேன்.

தலைவர்களே, அக்டோபர் 2 கிராம சபையில் விளக்குக்கு மூடி போடும் தீர்மானத்தை வையுங்கள். மாதிரித் தீர்மானம் அச்சடித்து வாசல் மேசையில் இருக்கிறது. ஊருக்கு ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் பக்கத்திலுள்ள மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள். நன்றி, வணக்கம்.